இரண்டு முழக் கொடுவா

முன்பு ஒரு காலத்தில், இன்ன வருஷம் என்று யாரும் குறித்து வைக்காத காலத்தில், கடலோரமாக ஒரு ராஜ்யம் இருந்தது. அதை ஆண்ட ராஜாவுக்குத் தூண்டில் போடுவதில் தீராத பைத்தியம். போர் என்றால் தளவாயை அனுப்புவார். வழக்கு என்றால் மந்திரியை அனுப்புவார். மீன் பிடிக்க மட்டும் தாமே போவார். ராஜா போனால் சபை சும்மா இருக்குமா? தளவாய், அரண்மனை வைத்தியர், ஜவுளி வியாபாரி என்று, வயிற்றுப்பாட்டுக்கு மீன் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாத பெரிய மனிதர்கள் முப்பத்தேழு பேர், ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் ஆளுக்கொரு பாறையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இப்படிப் பன்னிரண்டு வருஷம் போனது. ஒரு நாள் ராஜா விடிந்ததிலிருந்து உச்சிவெயில் வரை உட்கார்ந்தும் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குஞ்சுதான் சிக்கியது. அதை அப்படியே சபைக்குக் கொண்டுவந்து சிம்மாசனத்தின் கைப்பிடியில் வைத்தார்.

"இது என்ன?"

விகடகவி செவந்தியப்பன்தான் எழுந்தான்.

"மீன், மகாராஜா. அடுத்த வருஷம் கேட்டால் இந்தப் பதிலும் கிடைக்காது."

ராஜா சிரிக்கவில்லை. ராஜா சிரிக்காத நாளுக்காகவே காத்திருந்தவர் தளவாய் அரிமர்த்தனர். படை நடத்திய தமக்குச் சபையில் நான்காவது ஆசனம், வாய் நடத்துகிற இவனுக்கு ராஜாவின் காலடியிலேயே இடமா என்று அவருக்கு வெகுநாள் எரிச்சல்.

"மகாராஜா, மீன் பெருகச் சட்டம் வேண்டும். சட்டம் இயற்றுவது எளிது. தூண்டில்காரர் மனம் நோகாமல் இயற்றுவதே அரிது. நம் விகடகவியின் நாவன்மைக்கு ஏற்ற பணி அல்லவா?"

"நல்ல யோசனை," என்றார் ராஜா. "செவந்தியப்பா, எட்டு நாள் அவகாசம். தூண்டில்காரர் ஒவ்வொருவர் கருத்தையும் கேள். அவர்கள் சொன்னதிலிருந்தே சட்டம் வரவேண்டும். ஒருவர் குறை சொன்னாலும் நீ குடும்பத்தோடு எல்லையைக் கடக்க வேண்டும். சட்டம் கழிமுகத்துக்குத்தான். நிபந்தனை உனக்கு."

செவந்தியப்பனின் மனைவிக்கு அப்போது நிறைமாசம். எல்லை ஆறு நாள் நடை. அவன் அன்று வீட்டில் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் கழிமுகத்துக்குப் போனான்.

தளவாய் தம் பாறையிலிருந்தபடியே சொன்னார்: "மூடவேண்டியதுதான். எதிர்க்கரையை மூடு. கணக்கு வழக்கில்லாமல் பிடிக்கிறார்கள்."

எதிர்க்கரையில் ஜவுளி வியாபாரி தலையில் அடித்துக்கொண்டார். "இந்தக் கரையில என்னங்க இருக்கு, பாசியும் நத்தையும்! தளவாய் உட்காருற பக்கத்தை மூடுங்க. நாளைக்கே நாடு உருப்படும்."

வைத்தியர் நமசிவாயர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தூண்டிலில் இரட்டை முள் போடுகிறவர்களைத் தடை செய்யலாம். அடியேன் ஒற்றை முள்."

இரட்டை முள் போடுகிறவர், "வலைக்காரனை நிறுத்தப்பா. தூண்டில்ல என்னத்தைப் பிடிச்சிடப் போறோம்?" என்றார்.

நான்கு நாள் இதே பாட்டுத்தான். மீன் குறைந்துவிட்டது என்பதில் எல்லோரும் ஒன்று. குறைத்தது பக்கத்துப் பாறைக்காரன் என்பதிலும் எல்லோரும் ஒன்று. இதிலிருந்து எப்படிச் சட்டம் எடுப்பது?

களைத்துப்போய், இறாலும் மண்புழுவும் இரைக்கு விற்கிற இருளாயியின் கூடைப் பக்கம் உட்கார்ந்தான். பாறைக்காரர் அத்தனை பேரின் குட்டும் தெரிந்தவள் அவள்.

"என்ன கவி ஐயா, மூஞ்சி செத்த மடவை மீனு மாதிரி இருக்கு?"

சொன்னான். அவள் கையிலிருந்த இறாலை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஒரே ஒரு எடத்தை மூடுங்க, போதும். முகத்துவாரத்துலேர்ந்து சேத்துல நிக்கிற கண்டல் காடு வரைக்கும். ஐப்பசி மழைக்குத் தாய்க் கொடுவா அங்கதான் வந்து சினை விடும். பெருசு அம்புட்டும் பொட்டை, தெரியுமா உங்களுக்கு? சின்னதுல ஆணா இருந்து வளர்ந்து பொட்டையா மாறுற மீனு அது. அங்க தூண்டிலும் வேணாம், வலையும் வேணாம், ஆளும் வேணாம். மிச்ச எடத்துல என்னவோ பண்ணிட்டுப் போகட்டும்."

"அங்கேதானே ராஜாவின் மேடை இருக்கிறது?"

"பின்ன? மீனு வர்ற எடத்துலதான மேடை கட்டுவாரு."

"மூடினால் உன் வியாபாரமும் போகுமே, இருளாயி."

"பாதி போகும். மீனே இல்லேன்னா முழுசும் போகும்."

"யார் ஒத்துக்கொள்வார்கள்?"

"மூடணும்னுதான் சொன்னேன். ஒத்துக்குவாங்கன்னு சொன்னேனா?"

அவள் சொன்னதுதான் சரி என்று அவனுக்குத் தெரிந்தது. அதைச் சபையில் சொன்னால் முப்பத்தேழு குறை எழும், முப்பத்தெட்டாவதாக ராஜாவே எழுவார் என்பதும் தெரிந்தது. மனைவியை நினைத்தான். ஆறு நாள் நடையை நினைத்தான். அப்புறம் ஒரு கயிற்றை வாங்கிக்கொண்டு, முதல் பாறையிலிருந்து மறுபடி ஆரம்பித்தான். இந்த முறை ஒரே ஒரு கேள்வி.

"ஐயா, தாங்கள் வழக்கமாகப் பிடிக்கிற கொடுவா எவ்வளவு நீளம் இருக்கும்?"

தூண்டில்காரனிடம் இதைக் கேட்டால் வாய் பேசுவதற்கு முன்னால் கை விரியும். தளவாயின் கைகள் இரண்டு பக்கமும் போய்க்கொண்டே இருந்தன. ஜவுளி வியாபாரி கை போதாமல் ஒரு எட்டு நகர்ந்து காட்டினார். விரித்த கைக்கு நடுவே கயிற்றைப் பிடித்து, அளந்து, ஒரு முடிச்சுப் போட்டு, அடுத்த பாறைக்குப் போனான். கடைசியாக ராஜா. அவர் நான்கு முழம் காட்டினார்.

எட்டாம் நாள் சபை கூடியது.

"மகாராஜா, தங்கள் ஆணைப்படி அனைவர் கருத்தும் இக்கயிற்றில் உள்ளது. தாம் வழக்கமாகப் பிடிக்கும் மீனின் நீளத்தை ஒவ்வொருவரும் தம் கையாலேயே காட்டினார்கள். அனைத்திலும் குறைந்தது வைத்தியர் பெருமானுடையது, இரண்டு முழம். ஆகவே இரண்டு முழத்துக்குக் குறைந்த கொடுவா எவர் தூண்டிலில் சிக்கினாலும் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அப்படிப்பட்ட சிறு மீனை இங்கு யாரும் பிடிப்பதே இல்லை என்பதால், இச்சட்டத்தால் யாருக்கும் இழப்பில்லை."

தளவாய் துள்ளி எழுந்தார். "அநியாயம், மகாராஜா! இந்தக் கழிமுகத்தில் இரண்டு முழ மீன் ஏது?"

"தளவாய் அவர்களே, தங்கள் முடிச்சு மூன்றரை முழத்தில் இருக்கிறது. அந்த மீன் எந்தக் கழிமுகத்தில் சிக்கியது என்று சபைக்குச் சொல்ல வேண்டும்."

தளவாய் உட்கார்ந்தார். வைத்தியர் தம் கைகளை அங்கவஸ்திரத்துக்குள் மறைத்துக்கொண்டார். ராஜா கயிற்றை வாங்கித் தம் முடிச்சைப் பார்த்தார், தளவாயைப் பார்த்தார். கிரீடம் நழுவுகிற அளவுக்குச் சிரித்தார்.

"யாருக்காவது குறை உண்டா?"

ஒருவருக்கும் இல்லை. ராஜா தம் பட்டுச் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். பத்தாம் நாள் அவன் மனைவிக்குப் பெண் பிறந்தது.

இந்தக் கதையைச் சொல்கிற பலர் இங்கேதான் முடிக்கிறார்கள். மிச்சமும் இருக்கிறது.

சட்டத்தை எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். இழுத்தார்கள், அளந்தார்கள், செவந்தியப்பனைத் திட்டினார்கள், தண்ணீரில் எறிந்தார்கள். எறிந்ததில் பாதி, வாய் கிழிந்து, வெள்ளை வயிறு தெரிய மிதந்து கரைக்கு வந்தது. அதைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. இரண்டு முழ மீன் வேண்டுமென்றால் அது வருகிற இடம் ஒன்றுதான் என்பதும் மெல்ல எல்லோருக்கும் பிடிபட்டது. ஐப்பசி பிறந்தபோது பழைய பாறைகள் காலியாகக் கிடந்தன. முப்பத்தேழு தூண்டிலும் முகத்துவாரத்தில் நின்றன. இருளாயியின் கூடை விடிந்த ஒரு நாழிகைக்குள் தீர்ந்தது.

"ராஜாவிடம் இப்போதாவது அந்த இடத்தை மூடச் சொல்லட்டுமா, இருளாயி?"

"அன்னைக்குச் சொல்லியிருந்தா நாடு கடத்தியிருப்பாங்க. இன்னைக்குச் சொன்னா சிரிப்பாங்க. போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொன்னான். வேடிக்கை கலக்காமல், அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக, உள்ளதை உள்ளபடி சொன்னான். சபை முழுவதும் எங்கே சிரிக்க வேண்டும் என்று காத்திருந்தது.

"உன் சட்டத்தில் நீயே குறை காண்கிறாயா?" என்றார் ராஜா. "குறை வந்தால் எல்லை கடக்க வேண்டியவன் யார்? நீ!"

சபை இடிந்து விழும்படி சிரித்தது. தளவாய்கூடச் சிரித்தார். இப்போதுதான் அவருக்கு விகடகவியைப் பிடிக்க ஆரம்பித்திருந்தது.

மூன்றாம் நாள் மழை விட்ட காலையில் ராஜாவின் தூண்டில் வில்லாக வளைந்தது. உச்சிப்பொழுதுவரை இழுபறி. நாலு பேர் சேர்ந்து மேடையில் ஏற்றினார்கள். அந்த வருஷம் ஆற்றை விட்டுக் கீழே வந்த பெரிய கொடுவா அது ஒன்றுதான். கயிற்றைக் கொண்டுவரச் சொன்னார்கள். அளக்கிற வேலை செவந்தியப்பனுடையது. ஒரு விரற்கடை குறைந்து போகட்டும் என்று வேண்டிக்கொண்டே வைத்தான். இரண்டு முழமும் மேலே நாலு விரற்கடையும் இருந்தது. வயிறு புடைத்திருந்தது. அழுத்திப் பிடித்த இடத்தில் மஞ்சளாகச் சினை பிதுங்கிக் கல்லில் வழிந்தது.

"சட்டப்படி சரியா?" என்று ராஜா கேட்டார்.

"சரி, மகாராஜா."

இருளாயி கூடையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று அரண்மனையில் விருந்து. ராஜா எல்லோர் முன்னிலையிலும் செவந்தியப்பனைத் தம் பக்கத்து இலையில் உட்கார வைத்தார். "இவன் சட்டம் இல்லாவிட்டால் நான் சுண்டுவிரல் மீன்களோடு காலம் தள்ளியிருப்பேன். என் ஆயுளில் பிடித்த மிகப் பெரிய மீன் இவன் தந்தது. ஆகவே இதில் ருசியான பாகம் இவனுக்கே பரிசு!"

பொன் தட்டில் சினை வறுவல் வந்தது. மிளகு தூவி, நெய் மணக்க, ஆவி பறக்க. சபை முழுவதும் அவன் என்ன வேடிக்கை சொல்லப்போகிறான் என்று பார்த்தது. அவன் எடுத்து வாயில் வைத்தான்.

"உப்பு சரியாக இருக்கிறதா?"

"சரியாக இருக்கிறது, மகாராஜா."

அந்த முகத்தைப் பார்த்து ராஜாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் வை என்று பரிமாறுகிறவனுக்குக் கை காட்டினார். இரண்டாம் முறை வைத்தார்கள், மூன்றாம் முறை வைத்தார்கள். தீரவில்லை. சினை அவ்வளவு இருந்தது.