சுருதி சேராத மனு

கொம்பேரிப்பட்டிக்கு இருந்தது ஒரே ஒரு குடிநீர்க் குழாய். அதுவும் ஊருக்கு மேற்கே அரை மைல் தள்ளி. குடம் சுமந்தே பெண்கள் ஓய்ந்துபோனதால், ஊர்த்தலைவர் சடையாண்டி தாசில்தாருக்கு மனு எழுதினார்: ‘குழாய் பழையது, அசைத்தால் உடைந்துவிடும். ஆகவே ஊரைக் குழாய்க்குப் பக்கத்தில் நகர்த்தித் தரவும்.’

மனு திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒற்றை ஆங்கிலச் சொல்: அப்ஸர்ட்.

பள்ளிக்கூட வாத்தியார் அகராதியைப் புரட்டினார். “அபத்தம்னு அர்த்தம். லத்தீன்ல இருந்து வந்த சொல். அங்கே அதுக்குச் சுருதி சேராததுன்னு பொருள்.”

சடையாண்டிக்கு உயிர் வந்தது. “அப்ப விஷயத்துல குறையில்லை. சுருதியிலதான் கோளாறு!”

“தாசில்தார் ஐயா என்ன சுருதின்னு தெரியாம எப்படிச் சேர்க்கிறது?” என்று கேட்டார் வார்டு உறுப்பினர் மாயக்கா.

நியாயமான கேள்வி. சுருதியை வாங்கிவர, ஊர்ப் பஜனையில் பாடும் ஒச்சப்பனை அனுப்பினார்கள். அவன் அலுவலக ஜன்னலோரம் நின்று தாசில்தார் பேசுவதைக் கேட்டு, அதை ‘ம்ம்ம்’ என்று வாயில் பிடித்துக்கொண்டு எட்டு மைல் நடந்தான். தாகம்தான். ஆனால் வாயைத் திறந்தால் சுருதி கொட்டிவிடுமே!

“சாப்பிட்டியாய்யா?” என்றாள் மனைவி.

“ம்ம்ம்.”

அவள் சோற்றுப்பானையை மூடிவிட்டாள்.

மறுநாள் ஊரே அந்த ‘ம்ம்’மைப் பிடித்துக்கொண்டு தாலுகா அலுவலகம் போய், மனுவைப் பாடியது.

“என்னய்யா இது? நிறுத்துங்க!” என்று கத்தினார் தாசில்தார்.

“ஐயா சுருதியில மேலே போறாரு, விடாதீங்க!” என்றார் மாயக்கா. ஊரும் மேலே போனது. அவர் இன்னும் கத்தினார். ஊர் இன்னும் ஏறியது. ஏழாவது முறை பாடி முடித்தபோது தாசில்தாருக்குத் தொண்டை அடைத்துப்போய், சைகையில் தண்ணீர் கேட்டார்.

“இங்கே குழாய் எங்கே இருக்கு?” என்றார் சடையாண்டி.

“கிழக்கே, மதிலோரம்” என்றார் பியூன்.

“பாவம், இவருக்கும் நம்ம கஷ்டந்தான்!” என்றார் சடையாண்டி.

எல்லோரும் வெளியே வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, சேலையை இழுத்துச் செருகி, அலுவலகச் சுவரில் தோள்கொடுத்துக் கிழக்கே தள்ளினார்கள். பொழுது சாயும்வரை தள்ளினார்கள்.

ஒச்சப்பன் எட்டிப் பார்த்தான். கட்டடத்தின் நிழல் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. “தலைவரே, வந்து சேர்ந்தாச்சு! தாசில்தார் ஐயா, கையை நீட்டித் தண்ணி பிடிச்சுக்குங்க!”

சடையாண்டி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மனுவைக் கிழித்துப் போட்டார். “இவ்வளவு லேசா? இதுக்கா மனு? வாங்க, ஊரை நாமளே தள்ளிக்குவோம்.”

“இருங்க தலைவரே,” என்றார் மாயக்கா. “இது கிழக்கே. நம்ம குழாய் மேற்கேல்ல இருக்கு?”

சடையாண்டி மேற்கே இறங்கும் சூரியனையும் கிழக்கே நீண்டு கிடந்த நிழலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப, காலையில தள்ளுவோம்.”