சத்தத்துக்குச் சத்தம்

மில் முதலாளி தெய்வநாயகம் வீடியோ கடைக்குள் நுழைந்ததும் நாற்காலிகளைத் தவிர எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"அம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க. அவங்க எண்பதாவது பிறந்தநாள் வீடியோவுல நான் இல்ல. என்னைப் பக்கத்துல உட்கார வச்சிரு. ஒட்டுனது தெரிஞ்சா கடையே இருக்காது!"

"வச்சிரலாம் முதலாளி," என்றாள் எடிட்டர் சொர்ணம். "அம்மா கிளிப்பையும் உங்க கிளிப்பையும், கேள்விக்குப் பதில் பொருந்துற மாதிரி சத்தத்தை வச்சுத்தான் சேர்ப்போம். அம்மா சத்தம் இருக்கு."

பிறந்தநாள் வீடியோவை ஓடவிட்டாள். திரையில் அம்மா வாசலைப் பார்த்து மூன்று தரம் கேட்டாள்: "தெய்வா, வந்துட்டியாடா?"

"இதுக்கு என்னைக்காவது நீங்க பதில் சொன்ன கிளிப் போன்ல இருந்தா கொடுங்க. இம்மி பிசகாம சேர்த்துடறேன்."

முதலாளி செல்போனைத் தடவித் தடவித் தேடினார். சொர்ணத்துக்கே ஏன் கேட்டோம் என்றாகிவிட்டது.

"இன்னொரு தடவை போடும்மா."

அம்மா கேட்டாள்.

"வரலியேம்மா," என்றார் திரையிடம்.