நாற்பத்தேழு எங்கிருந்து வந்தது

“கையை எடுங்க டாக்டர்.”

டாக்டர் தாணுமாலயன் எடுக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரின் முனை பெட்டிக்குள் இருந்த சின்னத் திருகின் மேல் நின்றது.

“இம்மி திருப்பினா போதும் டீச்சரே. நாலு போயிரும். நாலு போச்சுன்னா எனக்கும் நாப்பத்தேழு.”

“உங்களுக்கு எதுக்கு நாப்பத்தேழு?”

“எல்லாருக்கும் அதுதான் வந்திருக்கு.”

“அப்ப திருகு எதுக்கு? நாப்பத்தேழுன்னு அடிச்சு அனுப்பிர வேண்டியதுதானே. கரண்டாவது மிச்சம்.”

டாக்டர் ஸ்க்ரூடிரைவரை மேசையில் வைத்தார். எறிந்தது போலச் சத்தம் கேட்டது.

அன்று காலையில், பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்கிறவர்களின் மாவட்ட ஹாம் ரேடியோ கிளப்பின் வருடாந்தரப் போட்டி நடந்திருந்தது. எங்கோ ஓர் ஊரிலிருந்து ஒருவர் சில நிமிடங்களுக்கு ஒரே சீரான அலையை அனுப்புவார். அது நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று அவரவர் வீட்டில் கவுண்டர் என்ற எண்ணும் கருவியால் அளந்து, பொழுது சாய்வதற்குள் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். கோடியைத் தாண்டும் எண். முன்னால் உள்ள இலக்கங்கள் எல்லோருக்கும் ஒன்றாகவே வரும். மானம் கடைசி இரண்டு இலக்கங்களில்தான் இருந்தது. அதனால் முதலில் எண்ணைப் போட யாருக்கும் தைரியம் வராது. போனில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

போன வருடம் டாக்டரின் எண் பதினொன்று தள்ளிப் போயிருந்தது. அதிலிருந்து கிளப்பில் அவர் பெயர் பதினொண்ணு டாக்டர். சென்ற மாதம் கிளினிக்குக்குப் புதிதாக வந்த ஒருவர், வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லித்தான் விசாரித்தார்.

கிளாடிஸ் ஒரு பள்ளியில் இயற்பியல் டீச்சர். டாக்டரைவிடப் பத்து வயதாவது இளையவர். ரேடியோ லைசன்ஸ் பரீட்சைக்கு டாக்டருக்குச் சொல்லிக்கொடுத்தவர். அன்றிலிருந்து சந்தேகம் வந்தால் டாக்டர் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அவருக்குச் சந்தேகம் அடிக்கடி வரும்.

“உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு?” என்றார் டாக்டர்.

“நான் ரேடியோவைத் தொடவே இல்ல. துணி துவைச்சிட்டிருந்தேன்.”

“போட்டி அன்னிக்கா?”

“துணி அதைப் பாத்தா அழுக்காகுது?”

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “சரி, கேளுங்க. என் கவுண்டர் காட்டினதும் நாப்பத்தேழுதான். ஆனா என் கவுண்டர் நாலு கூட்டிச் சொல்லும். அதனால நாலைக் கழிச்சேன். நாப்பத்திமூணு. கழிக்காம விட்டிருந்தா ஒரு தொல்லையும் இல்ல.”

“நாலு கூட்டிச் சொல்லும்னு உங்களுக்கு யார் சொன்னா?”

“இதுங்க ரெண்டும்.”

அவர் கொண்டுவந்திருந்த தகர டப்பாவுக்குள் இரண்டு சிறிய பெட்டிகள் ஒட்டி உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல், அதன் துடிப்பைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. கிரிஸ்டல் நொடிக்குச் சரியாக ஒரு கோடி முறை துடிக்க வேண்டியது. கவுண்டர் ஒழுங்காக எண்ணுகிறதா என்று பார்ப்பதற்காக டாக்டர் தன் கையாலேயே செய்தவை.

முதல் பெட்டியின் கேபிளை, கூடவே கொண்டுவந்திருந்த தன் கவுண்டரில் செருகினார். ஒரு கோடியே நான்கு என்று காட்டியது. அதைப் பிடுங்கி இரண்டாவதைச் செருகினார். ஒரு கோடியே நான்கு.

“பாத்தீங்களா? ஒண்ணு பொய் சொல்லலாம். ரெண்டும் ஒரே பொய்யைச் சொல்லுமா?”

“எப்பவும் இப்படித்தானா?”

“போன ஓணத்துக்குச் செஞ்சது. அன்னிலேருந்து ஒரு தடவைகூட மாறிச் சொன்னதில்ல.”

“சண்டையே வந்ததில்ல?”

“வந்ததே இல்ல.” டாக்டரின் குரலில் பெருமை இருந்தது.

“உங்க வீட்லயும் அப்படியா?”

“விளையாடாதீங்க டீச்சரே. சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும். திருகைத் திருப்பவா வேண்டாமா?”

டீச்சர் டப்பாவுக்குள் கையை விட்டு, ஒரே பேட்டரியிலிருந்து இரண்டு பெட்டிகளுக்கும் பிரிந்து போன சிவப்பு வயர்களில் ஒன்றைக் கழற்றினார்.

“ஐயோ, அது அரை நாள் ஈயத்தை உருக்கி சால்டர் பண்ணினது.”

“பிறகு பண்ணிக்கலாம். இந்தாங்க, இந்தப் பெட்டியை அடுக்களைக்குக் கொண்டுபோங்க.”

“அடுக்களைக்கா?”

“மேடையில வைங்க. அடுப்புப் பக்கம் வேண்டாம்.”

எமர்ஜென்சி விளக்கிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அது கனத்தது. பழைய டிவி கேபிள் ஒன்றை இழுத்துவந்து, வாசற்படிக்கு மேலாக அடுக்களை வரை விட்டார். டாக்டர் ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் பேட்டரியுமாகக் கேபிளைத் தாண்டப் பார்த்துத் தடுக்கி, கதவில் தோளை இடித்துக்கொண்டார்.

“நான் டாக்டராக்கும். லைன்மேன் இல்ல.”

“கீழ பாத்துப் போங்க.”

பெட்டியை வைத்துவிட்டு வந்தார். டீச்சர் கவுண்டரைத் தொடவில்லை.

“பாக்கலாமே?”

“கொஞ்சம் அடங்கட்டும். உங்க கைச்சூடு இன்னும் அதுமேல இருக்கும்.”

டாக்டர் உட்கார்ந்தார். எழுந்தார். அடுக்களையை எட்டிப் பார்த்தார்.

“தொடாதீங்க.”

“தொடல்ல. பாத்தேன்.”

“பாக்கவும் வேண்டாம்.”

“ஒரு டீயாவது குடிக்கலாமா?”

“அடுப்பைப் பத்தவச்சா பெட்டி சூடாகும்.”

டாக்டர் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். தன் நோயாளிகள் வராந்தாவில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

கடைசியில் டீச்சர் மேசைமேல் இருந்த பெட்டியைக் கவுண்டரில் செருகினார். ஒரு கோடியே ஒன்று. அதை எடுத்துவிட்டு அடுக்களைக் கேபிளைச் செருகினார். ஒரு கோடியே ஏழு.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“மறுபடி பாருங்க.”

ஒன்று. ஏழு.

“என்ன பண்ணினீங்க டீச்சரே?”

“ஒண்ணும் பண்ணல்ல. பிரிச்சு வச்சேன்.”

“அப்ப நாலு?”

“ஒரே வயர்ல கரண்ட் குடிச்சிட்டு, ஒண்ணோட துடிப்பு இன்னொண்ணுக்குக் கேட்டுட்டே இருந்திருக்கு. கேட்டுக் கேட்டு ரெண்டும் ஒண்ணாயிருச்சு. நாலு இதுக்கும் சொந்தமில்ல. அதுக்கும் இல்ல.”

“இதுல எது சரி?”

“தெரியாது.”

“உங்களுக்கே தெரியாதா?”

“எனக்கு எப்படித் தெரியும்? நீங்க செஞ்ச பெட்டி.”

டாக்டரின் முகம் சிவந்தது. “நல்லா ஒத்துமையா இருந்ததைப் பிரிச்சுவச்சுட்டு எனக்குத் தெரியாதுன்னா எப்படி? பேசாம பழையபடி சேத்து வைங்க. வேண்டாம், சேக்கவும் வேண்டாம். என் பெட்டி ரெண்டும் குப்பை. நாலு பேர், நாலு வீடு, நாலு மிஷின். அவங்க சொல்லுறதுதான் சரி. நாப்பத்தேழே இருந்துட்டுப் போகட்டும்.”

அவர் போனை எடுத்தார். எடுத்த கையிலேயே அது அடித்தது. வேலப்பன். மீன்பிடி துறைமுகத்துப் பக்கம் ஐஸ் பேக்டரி வைத்திருப்பவர். பதினொண்ணு டாக்டர் என்ற பெயரை முதலில் வைத்தவரும் அவர்தான். ஸ்பீக்கரில் போடும்படி டீச்சர் கை காட்டினார்.

“டாக்டரே, இன்னும் நம்பர் போடல்லியா? நாங்க நாலு பேரும் நாப்பத்தேழுல ஸ்ட்ராங்கா நிக்கோம். நீங்க மறுபடியும் பதினொண்ணு அடிச்சிராதீங்க, கேட்டேளா.” பின்னாலிருந்து இன்னொருவரின் சிரிப்பும் கேட்டது.

“வேலப்பன், நான் கிளாடிஸ் பேசறேன்.”

சிரிப்பு நின்றது. “வணக்கம் டீச்சர்.”

“காலையில உங்க கவுண்டர்ல என்ன வந்துச்சு?”

“நாப்பத்தேழு டீச்சர்.”

“யார்கிட்டயும் பேசறதுக்கு முன்னாடி?”

“முன்னாடின்னா…” வேலப்பன் தொண்டையைச் செருமினார். “முப்பத்தொம்பது. அது மிஷின் சூடாகல்ல. சுகுமாரன் நாப்பத்தேழுன்னு சொன்ன பிறகு கொஞ்சம் சரிபண்ணினேன்.”

“சுகுமாரனுக்கு?”

“அவருக்கு ஐம்பத்திரண்டோ என்னமோ. அவரும் சரிபண்ணினாரு.”

“எதைப் பாத்து?”

“டாக்டர் சொன்னதை வச்சுத்தான். சிக்னல் நின்ன உடனே டாக்டர்தானே சுகுமாரனைக் கூப்பிட்டு நாப்பத்தேழுன்னு சொல்லியிருக்காரு. டாக்டர் புதுசா ரெண்டு கிரிஸ்டல் வேற வச்சிருக்காரே. தப்பு வராதுன்னு…”

டாக்டர் போனை அணைத்தார்.

கவுண்டரின் இலக்கங்கள் மாறாமல் நின்றன. வெளியே கொடியில் துணிகள் காற்றில் அடித்துக்கொண்டன.

“கவுண்டர்ல தெரிஞ்சதைச் சும்மா சொன்னேன்,” என்றார் டாக்டர். “கழிக்கறதுக்கு முன்னாடி. ஒரு சந்தோஷத்துல.”

டீச்சர் ஸ்க்ரூடிரைவரை மேசையின் மறுபக்கம் தள்ளி வைத்தார்.

“அப்ப அது என்னோட நாப்பத்தேழு.”

டீச்சர் தலையசைத்தார்.

“என்னோட நாப்பத்தேழை வச்சே என்னை விரட்டியிருக்கானுவ.” அவர் மேசையில் தட்டினார். கவுண்டர் குலுங்கியது. “நானும் ஓடியிருக்கேன். சோறுகூடத் திங்காம இங்க ஓடி வந்திருக்கேன்.”

போனை மறுபடி கையில் எடுத்து, “இப்ப எதை அனுப்ப? நாப்பத்தேழா, நாப்பத்திமூணா?” என்றார்.

“இந்தப் பெட்டி ஒண்ணு கூடுதல்னு சொல்லுது. கழிச்சா?”

“நாப்பத்தாறு.”

“அடுக்களைப் பெட்டி ஏழு கூடுதல்னு சொல்லுது. கழிச்சா?”

“நாப்பது.”

“ரெண்டுக்கும் நடுவுல?”

“நாப்பத்திமூணு.”

“வேற?”

“நாப்பதுக்கும் நாப்பத்தாறுக்கும் நடுவுல எல்லாந்தான் இருக்கு.”

“அதை அனுப்புங்க.”

“எதை?”

“எல்லாத்தையும்.”

“டீச்சரே, அவங்க ஒரு நம்பர் கேக்காங்க.”

“உங்ககிட்ட ஒரு நம்பர் இருக்கா?”

டாக்டர் போனை முகத்துக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். நாற்பதிலிருந்து நாற்பத்தாறுக்குள் இருக்கலாம், அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை என்று எழுதினார். படித்துப் பார்த்தார். வாய்க்குள் எதையோ திட்டிக்கொண்டே அனுப்பினார்.

பதில்கள் வரிசையாக வந்தன. முதலில் வந்தது வேலப்பனுடையது. டாக்டர் அதை உரக்கப் படித்தார்.

“‘வீட்டு நம்பர் கேட்டா தெருவைக் காட்டுறாரு நம்ம டாக்டர்.’”

அடுத்ததைப் படிக்கவில்லை. போனை டீச்சர் பக்கம் திருப்பிக் காட்டினார். திரை முழுக்கச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள்.

“சிரிக்கானுவ.”

“சிரிக்கட்டும்.”

“உங்களுக்கென்ன? நாளைக்கு நீங்களா கிளினிக்ல உக்காரப் போறீங்க?” அவர் குரல் உயர்ந்தது. “காலையில எனக்கு ஒரு நம்பர் இருந்துச்சு டீச்சரே. அதுக்கு ரெண்டு சாட்சி இருந்துச்சு. உங்க வீட்டுக்கு வந்தேன். இப்ப நம்பரும் இல்ல, சாட்சியும் இல்ல. அரை நாள் சால்டரும் போச்சு. ஒரு டீகூடக் கிடைக்கல்ல.”

டீச்சர் அடுக்களைக்குப் போய்ப் பெட்டியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார்.

“காலையில இந்த ரெண்டு பெட்டிக்கும் நடுவுல எவ்வளவு வித்தியாசம்?”

“ஒண்ணுமே இல்ல.”

“இப்ப?”

“ஆறு.”

“போன ஓணத்துலேருந்து நீங்க நிஜமா அளந்தது அந்த ஆறு ஒண்ணுதான்.”

டாக்டர் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

கேபிள்களைச் சுருட்டிக் கவுண்டரோடு பையில் போட்டார். பெட்டிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, தகர டப்பாவை மேசையிலேயே விட்டுவிட்டுக் காருக்கு நடந்தார். ஒரு பெட்டியை முன்சீட்டில் வைத்தார். பின்னால் சுற்றிப் போய், மற்றதை டிக்கியில் வைத்து மூடினார்.