சுருட்டைக்கு வெள்ளெலி கைகூப்பிய கதை

அந்தக் காலத்தில் எல்லா விலங்குகளுக்கும் பேச வாய் இருந்தது. நின்று கேட்கத்தான் பொறுமை இல்லை. செம்மண் தேரிக்காட்டில் சுருட்டை விரியன் செதிலோடு செதிலை உரசி, ரம்பம் அறுப்பதுபோல் ‘ஸர்ர்ர்’ என்றால் போதும், வெள்ளெலிகள் வெட்டவெளியில் தலைதெறிக்க ஓடும். ஓடுகிற எலியைப் பருந்து தூக்கிக்கொண்டு போகும். பழி மட்டும் சுருட்டைக்கு! இது என்ன நியாயம்?

ஒரு மாலை, தவிட்டி என்ற வெள்ளெலி இரை தேடிவிட்டுத் திரும்பினாள். வளை வாசலின் ஒரு பக்கமாகச் சுருட்டை படுத்திருந்தாள். வளைக்குள் கண் திறக்காத நான்கு குட்டிகள், பாலுக்குக் கத்திக்கொண்டு.

ஸர்ர்ர்!

“ஓடு மதினி, ஓடு!” என்று புதருக்குள்ளிருந்து அலறினாள் நாத்தனார்.

“ஓடிவிட்டால் பிள்ளைகளுக்கு யார் பால் கொடுப்பது, நீயா?”

தவிட்டி நின்று யோசித்தாள். தன் அம்மாவைச் சுருட்டை பிடித்த அன்று இந்தச் சத்தம் கேட்கவில்லை. அக்காவைப் பிடித்தபோதும் கேட்கவில்லை. தின்ன வருகிறவள் சொல்லிவிட்டா வருவாள்?

“ஏய் சுருட்டை! தின்பதென்றால் பேசாமல் தின்ன வேண்டியதுதானே? எதற்கு இந்த ஆர்ப்பாட்டம்?”

சுருட்டை திகைத்துப்போனாள். இதுவரை யாரும் நின்று கேட்டதில்லை.

“மிதித்துவிடாதே என்கிறேன், தாயே. நான் பிள்ளைத்தாய்ச்சி, இரை எதுவும் இறங்கவில்லை. உன்னைக் கடித்து விஷத்தை எதற்கு வீணாக்க வேண்டும்? தள்ளிப் போ என்று உடம்பு தேயக் கத்துகிறேன். நீங்களோ பருந்து வாய்க்கு ஓடுகிறீர்கள்.”

“இதை முன்பே சொல்லியிருக்கலாமே!”

“சொல்லிக்கொண்டேதானே இருந்தேன்!”

“சரி, பசி வந்தால்?”

“அப்போது சத்தம் கேட்காது.”

அந்த நேர்மை தவிட்டிக்குப் பிடித்திருந்தது. எட்டிச் சுற்றி, அடி மேல் அடி வைத்து நடந்தாள். சத்தம் கேட்கக் கேட்கத் தைரியம் வந்தது. ஓய்ந்துவிடக் கூடாதே என்றுதான் பயம். ஓயவில்லை. வாசலின் மறுபக்கம் போய்ச் சேர்ந்ததும் பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால்களைக் கூப்பினாள்.

“உன் அம்மாவைத் தின்றவளுக்குக் கும்பிடா?” என்று கொதித்தாள் நாத்தனார்.

“தின்றதற்கு இல்லையடி, சொன்னதற்கு. என் பிள்ளைகளுக்கு இன்றைக்குத் தாய் இருக்கிறாள்.”

அன்று முதல்தான், சுருட்டையின் உரசல் காதில் விழுந்தால் வெள்ளெலிகள் ஓடுவதில்லை. எழுந்து நின்று, முன்னங்கால்களை நெஞ்சோடு சேர்த்து நன்றி சொல்லிவிட்டு, சுற்றி வீடு போய்ச் சேர்கின்றன.