தொங்குவதன் மேல் கழி படாது

அந்தக் காலத்தில், மாடும் வௌவாலும் மனிதனிடம் முகத்துக்கு நேரே பேசிய காலத்தில், வௌவால் தலைகீழாகத் தொங்கியதில்லை. காக்கை மாதிரி, கிளி மாதிரி, கிளையின் மேல் ஒழுங்காகக் கால் ஊன்றித்தான் உட்கார்ந்திருக்கும். மரத்துக்கு மட்டும் அப்போதும் வாய் கிடையாது. இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. அடித்தவனிடமே "வலிக்குது, நிறுத்து" என்று சொல்லியிருக்கும்.

அடித்தவன் பெயர் இருளாண்டி. அவன் நிலம் உவர் நிலம். நெல்லைப் போட்டால் உப்புத்தான் பூக்கும். அதிலும் பிடிவாதமாக மூன்று இலுப்பை மரங்கள் நின்றன. மரத்தடியில் ஒரு கல்செக்கு, அதைச் சுற்ற ஒரு கிழட்டு மாடு. இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் அவனும் அவன் மனைவி மாடத்தியும் பிழைத்தார்கள். இலுப்பைக் கொட்டையை உடைத்துப் பருப்பெடுத்து, வெயிலில் காயவைத்து, செக்கில் ஆட்டினால் எண்ணெய். அதில்தான் வீட்டில் விளக்கு எரிந்தது, அடை வெந்தது, வெடித்த குதிகால் ஆறியது. பிண்ணாக்கை இடித்துத் தலைக்குத் தேய்த்தால் ஒரு மாத அழுக்கும் நுரையோடு போய்விடும். மிஞ்சிய எண்ணெயை மாடத்தி குடத்தில் சுமந்துபோய்க் கேழ்வரகாக மாற்றி வருவாள்.

இருளாண்டி கெட்டவன் இல்லை. பொறுமை இல்லாதவன், அவ்வளவுதான். சோறு வேகும்போது மூடியைத் திறந்து திறந்து பார்க்கிற ஆள். இலுப்பை காய்க்கத் தொடங்கினால் அவன் கை அரிக்கும். பழுக்கட்டும், தானாக விழட்டும் என்று மாடத்தி சொல்வது அவன் காதில் ஏறாது. நீளமான மூங்கில் கழியை எடுத்து விளாசுவான். காயும் பழமும் இலையும் நுனிக்கொம்புமாகக் கலந்து கொட்டும். மற்றவர்கள் ஒரு மாதம் பார்க்கும் வேலையை ஒரு காலைப் பொழுதில் முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கழியைச் சுவரில் சாத்துவான்.

வேலை எங்கே முடிந்தது? பழுக்காத கொட்டையின் எண்ணெய் கலங்கலாக வந்தது. விளக்கில் ஊற்றினால் பொரிந்து, புகைந்து, அணைந்தது. அதைவிட மோசம் ஒன்று உண்டு. இலுப்பை பூப்பது நுனிக்கொம்பில். நுனியை ஒடித்துவிட்டு மாசியில் பூவைத் தேடினால் அது எங்கிருந்து வரும்? முதலில் மேற்கு மரம் பூக்காமல் நின்றது. மறுவருடம் நடு மரமும் நின்றுபோனது. இப்போது கிழக்கு மரம் ஒன்றுதான் காய்த்திருந்தது.

இந்த நிலைமையில் மாடத்தியின் அண்ணன் வந்தார். பக்கத்து ஊரில் வசதியான மனிதர். மொட்டையாக நின்ற மரங்களைப் பார்த்தார், மைத்துனரைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை, இந்த வருசமும் தேறலைன்னா ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கே வந்துடுங்க. தொழுவம் கூட்ட ஆள் வேணும்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் எரிந்தது. மாமனார் வீட்டுச் சோறு விருந்து, மைத்துனன் வீட்டுச் சோறு கூலி என்பது இருளாண்டிக்குத் தெரியாதா? அன்று அவன் பாதி அடையோடு எழுந்துவிட்டான்.

இனி எல்லாமே அந்தக் கிழக்கு மரம்தான். அது கைவிட்டால் தொழுவம்.

பழம் மஞ்சளாகத் தொடங்கிய நேரம் பார்த்து வௌவால்கள் வந்து இறங்கின. கிளை கிளையாக வரிசை கட்டி உட்கார்ந்துகொண்டு, பழத்தைச் சப்பிவிட்டுக் கொட்டையை ஆற்றிலும் பாறையிலும் அடுத்தவன் காட்டிலும் துப்பிவிட்டு வந்தன. இருளாண்டி கழியைத் தூக்கினான். மாடத்தி கழியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் மடியில் ஒரு பிடி கொட்டை இருந்தது. மரத்தடியில் விழுந்த சிலதைப் பொறுக்கியிருந்தாள். அவனிடம் காட்டினாள். சதை துளிகூட இல்லை, கழுவித் துடைத்த மாதிரி பளபளவென்று இருந்தது, ஒன்றுகூடப் பிஞ்சு இல்லை. வௌவாலுக்கு எது பழம் என்று தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது என்றாள்.

"எச்சில் கொட்டை," என்று முகத்தைச் சுளித்தான் இருளாண்டி. "இதை ஆட்டி சாமிக்கு விளக்குப் போடச் சொல்றியா?"

"தேன் யாரு எச்சில்? பால் யாரு எச்சில்? சாமி அதையெல்லாம் வேண்டாம்னு சொல்லிச்சா?"

பதில் இல்லாத மனிதன் என்ன செய்வான்? கத்துவான். பழம் என்னுடையது, மரம் என்னுடையது, அடிப்பது என் இஷ்டம் என்று கத்தினான். மாடத்தி கத்தவில்லை.

"இந்த மரத்தையும் அடிச்சு மொட்டையாக்கினீங்கன்னா, எங்க அண்ணன் வீட்டுக்கு நான் மட்டும் போறேன். நீங்க வர வேண்டாம்."

அது அவனுக்கு உறைத்தது. கழி தானாகக் கீழே இறங்கியது. சரி, காயை அடிக்கவில்லை என்றான். செக்கைத் தொட்டுச் சொல்லச் சொன்னாள். செக்கைத் தொட்டுச் செய்த சத்தியத்தை மீறினால் கல் பிளந்துவிடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. இருளாண்டி கல்லின் மேல் கையை வைத்தான். வைத்த பிறகும் அவனுடைய வீம்பு போகவில்லை.

"இந்த மரத்தில் தொங்குகிற எதன் மேலும் என் கழி படாது. ஆனால் உட்கார்ந்திருக்கிற ஒன்றையும் நான் விட்டுவைக்க மாட்டேன். நாளைக்கே அடித்துத் துரத்துவேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்," என்றது நுகத்தடியில் நின்ற மாடு. "கல் பிளந்தா எனக்கு ஓய்வு. உமக்குத்தான் சிரமம்."

மரத்தின் மேலே ஒரு தாய் வௌவால் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் வயிற்றை அணைத்தபடி ஒரு குட்டி. மரத்திலிருந்த தாய்களில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். குட்டிகளைச் சுமந்துகொண்டு இன்னொரு மரம் தேடிப் போகிற தெம்பு யாருக்கும் இல்லை. கழி வந்தால் முதலில் விழுவது குட்டிகள்தான்.

மறுநாள் சூரியன் உச்சிக்கு வருமுன் இருளாண்டி கழியோடு வந்தான். அண்ணாந்து பார்த்தான். கிளைகளின் மேல் ஒரு வௌவால்கூட இல்லை. போய்விட்டனவா என்று சந்தோஷப்பட்டு, இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தான். கிளைகளுக்குக் கீழே, பழக்கொத்துகளுக்கு நடுவே, இறக்கையைப் போர்த்திக்கொண்டு, பழுப்பு நிறத்தில், பெரிய பெரிய காய்கள் தொங்கின. அதில் ஒரு காய்க்குக் கண் இருந்தது.

"என்ன அண்ணாச்சி, யாரைத் தேடுறீங்க?" என்றது அந்தக் காய்.

"உங்களைத்தான். நான் குருடன் இல்லை."

"நாங்க உட்காரலையே, அண்ணாச்சி. தொங்குறோம்."

இருளாண்டி கழியை ஓங்கினான். ஓங்கியதும் செக்கு ஞாபகம் வந்தது. கழியை இறக்கினான். மறுபடி ஓங்கினான், மறுபடி இறக்கினான். மாடு செருமியது. வாசலில் மாடத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனாலும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

அப்போதுதான் அவன் அதைக் கவனித்தான். தாய் வௌவாலின் தலைக்குள் ரத்தம் இறங்கிக் கண்கள் சிவந்திருந்தன. பழக்கமில்லாத கால்கள் நடுங்கின. குட்டி மட்டும் ஒன்றும் தெரியாமல் அம்மாவின் மார்பில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு குட்டிக்காக உலகத்தையே தலைகீழாகப் பார்க்கச் சம்மதித்த ஒருத்தியை அடிக்கத்தான் விடியற்காலையிலிருந்து கழி சீவினோமா என்று அவனுக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது. கழியைத் தரையில் போட்டான்.

தாய் வௌவால் அந்தக் கழியைப் பார்த்தது. பிறகு வாயிலிருந்த கொட்டையை விட்டது. அது நேராக அவன் உச்சந்தலையில் விழுந்தது.

"சதை எங்களுக்கு, கொட்டை உங்களுக்கு," என்றது. "இனிமே முடிஞ்ச வரைக்கும் இங்கேயே போடுறோம். நல்லாப் பழுத்ததை மட்டும்தான் தொடுவோம். கொம்பு ஒடியாது."

இருளாண்டி தலையைத் தடவிக்கொண்டே கொட்டையை எடுத்துத் துடைத்தான். எச்சில் என்று சொல்லவில்லை.

அந்த வருடம் அவர்கள் பொறுக்கியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. காலையில் குனிந்தால் கூடை நிறையும். செக்கில் போட்டபோது மாடு இரண்டாவது சுற்றிலேயே நின்று திரும்பிப் பார்த்தது, இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று. எண்ணெய் தெளிந்து, பொன்னாக இறங்கியது. அண்ணன் மறுபடி வந்தபோது மாடத்தி அடை சுட்டுப் போட்டாள். அவர் தொழுவம் பற்றி வாய் திறக்கவில்லை. போகும்போது ஒரு குடம் எண்ணெய் கேட்டு வாங்கிப்போனார்.

மாசியில் மூன்று மரமும் பூத்தன. இருளாண்டி மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தான். கையைக் கூப்பினான். பிறகு தாய் வௌவாலைக் கூப்பிட்டு, போதும், நிமிர்ந்து உட்காருங்கள், என் கழி அடுப்புக்குப் போய்விட்டது என்று சொல்லத்தான் வாயெடுத்தான். ஆனால் பூ உதிர்ந்த நுனிகளில் அப்போதே பச்சைப் பிஞ்சு தெரிந்தது. அவனுடைய கை அரித்தது.

"தங்கச்சி," என்றான். "பொய் சொல்ல மாட்டேன். இந்தக் கையை நானே நம்பலை. நீங்க அப்படியே தொங்குங்க. என்னைப் பார்த்துக்குங்க."

வௌவால் சிரித்தது. தலைகீழ் இப்போது பழகிவிட்டது, கால் பிடியை விட்டால் போதும், பறந்துவிடலாம் என்றது. அன்று பொழுது சாய்ந்ததும் மாடத்தி முதல் விளக்கை வீட்டில் வைக்கவில்லை. கிழக்கு மரத்தடியில் கொண்டுவந்து வைத்தாள். தங்கள் கொட்டையின் சுடர் பொரியாமல், புகையாமல் எரிவதைப் பார்த்துவிட்டு வௌவால்கள் ஒவ்வொன்றாகப் பிடியை விட்டு இரை தேடக் கிளம்பின.

அன்று முதல்தான் வௌவால் தலைகீழாகத் தொங்குகிறது, விளக்கு வைக்கும் நேரம் வரும்வரை மரத்தை விட்டு அசைவதில்லை. இலுப்பைக் கொட்டையை மனிதன் குனிந்து பொறுக்குகிறான். குனிந்தால் அது கும்பிடு மாதிரியும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.