வெள்ளைக் கோட்டுக்குள் இரண்டு தழும்பு

ஊசியைக் கண்டாலே உதறல் எடுக்கும் என்பதற்காகவே ஹோமியோபதி டாக்டர் தாண்டவராயனிடம் கம்பவுண்டராகச் சேர்ந்த மாவீரன் சங்கிலிமுத்து. அப்பேர்ப்பட்டவன், தன் ஒன்பது மாத மகளுக்குத் தட்டம்மை ஊசி போட அரைநாள் லீவு கேட்டான்.

டாக்டர் குதித்தார். “என் கம்பவுண்டர் பிள்ளைக்கே ஊசியா? ஊர் சிரிக்காதா? நம்ம சர்க்கரை உருண்டை போதும்! ஊசியால நோய் வராம தப்பிச்ச ஒருத்தனை இப்பவே, இங்கேயே காட்டு. லீவு தர்றேன்.”

வராத நோயை எங்கே போய்க் காட்டுவது? சங்கிலிமுத்து தலையைச் சொறிந்தான். ஆனால் தினமும் காலையில் டாக்டருக்கு வெள்ளைக் கோட்டை மாட்டிவிடுகிறவன் அவன்தானே!

“கோவிச்சுக்காதீங்க சார், கோட்டைக் கொஞ்சம் கழட்டுங்க. உங்க முகத்துல ஒரு அம்மை வடுகூட இல்ல. இடது கையில மட்டும் ரெண்டு வட்டத் தழும்பு. சின்ன வயசுல பெரியம்மைக்குக் குத்தினதுதானே?”

காத்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் கோட்டை இழுத்து மூடிக்கொண்டார். “சரி சரி, போயிட்டு வா!”

ஆஸ்பத்திரியில் ஊசி குத்தியதும் குழந்தை ஒரு கத்துக் கத்திவிட்டு அடங்கிவிட்டது. மயங்கி விழுந்தது சங்கிலிமுத்துதான். நர்ஸ் அவன் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி உட்கார வைத்து, அவன் சட்டைப்பையிலிருந்த சர்க்கரை உருண்டை நாலை எடுத்து அவன் வாயிலேயே போட்டாள்.

“உங்க வியாதிக்கு இது நல்லாவே கேக்கும்ணே.”