லாரி ஆட்டத்துக்குச் சீட்டு ஒட்டிய கதை

வெயிலுமுத்துவுக்கு முதலில் துரோகம் செய்தவர் சேர்மக்கனி. பலவேசமும் தளவாயும் செய்தது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

சேர்மக்கனி கீழப்பொட்டல் படிப்பகத்தின் செயலாளர். துபாயில் இருக்கும் அவருடைய அக்கா மகன் ரூபன், படிப்பகத்துக்கு ஒரு வீடியோ கேம் பெட்டியும் இரண்டு சிடியும் அனுப்பியிருந்தான். ஒன்று லாரி ஓட்டும் ஆட்டம், மற்றது விவசாய ஆட்டம். கூடவே ஒரு கடிதம்: "மாமா, இரண்டும் நல்ல ஆட்டம். விவசாய ஆட்டம் பிடித்தவர்களுக்கு லாரி ஆட்டமும் கண்டிப்பாகப் பிடிக்கும்."

பெட்டியைப் பிரித்த அன்றே சேர்மக்கனி எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். "லாரியில முதல் ஆட்டம் வெயிலுமுத்து அண்ணாச்சிக்குத்தான்."

வெயிலுமுத்து முப்பத்தொரு வருடம் லாரியில் கிளீனராக இருந்தவர். கல்கத்தா வரை போய் வந்திருக்கிறார். ஆனால் ஒரு டிரைவரும் அவரை ஸ்டியரிங் பிடிக்க விட்டதில்லை. துடைக்கும்போது தொட்டதைச் சேர்க்கக் கூடாது. அந்த டிரைவர்களின் பெயர், ஊர், முக அடையாளம் எல்லாம் அவருக்கு இன்றும் வரிசையாகத் தெரியும்.

வீட்டுக்குப் போய் வெளுத்த வேட்டியாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தார். ஆட்டத்தை ஓட்டும் கைப்பிடியை எடுக்கப் போன நேரத்தில் சேர்மக்கனி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, சீட்டு ஒட்டலையே."

படிப்பகத்து வழக்கம் அது. எது வந்தாலும் அது என்ன வகை என்று சீட்டு எழுதி ஒட்டி, அந்த வகைக்கான அலமாரியில் வைத்த பிறகுதான் யாரும் தொடலாம். கதை, ஆன்மிகம், விவசாயம், விளையாட்டு என்று நான்கு அலமாரி. ஒரு முறை சுவர்க் கடிகாரம் ஒன்று நன்கொடையாக வந்து, வகை முடிவாகாமல் எட்டு மாதம் அட்டைப் பெட்டிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.

விவசாய ஆட்டத்தில் சிக்கல் வரவில்லை. விவசாய அலமாரியில் வைத்தார்கள். படிப்பகத்து உறுப்பினர் தளவாய் அந்த சிடியை வாங்கிப் போய், தன் சோளக் கொல்லையில் இரண்டு கம்புக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டார். அது வெயிலில் மின்னி மின்னிச் சுற்றியதில் ஒரு குருவிகூடக் கதிரில் வாய் வைக்கவில்லை.

தளவாய் திரும்பி வந்து, "இந்த மாதிரி ஒரு ஆட்டம் நான் கண்டதில்ல. எல்லாரும் ஆளுக்கொண்ணு வாங்கிக் கட்டுங்க" என்று சிபாரிசு செய்தார்.

உடனே பலவேசம் கடிதத்தை விரித்தார். அவர் துணைச் செயலாளர். எழுத்தில் உள்ளதை விட்டு அரை அடி நகர மாட்டார்.

"விவசாய ஆட்டம் பிடிச்சவங்களுக்குத்தான் லாரி ஆட்டம் பிடிக்கும்னு போட்டிருக்கு. பிடிச்சது தளவாய்க்கு. அப்போ லாரி தளவாய்க்குத்தான்."

"எனக்கும் பிடிச்சிருக்குவே" என்றார் வெயிலுமுத்து.

"நீரு இன்னும் பாக்கவே இல்லையே."

மறுநாள் காலையிலிருந்து மத்தியானம் வரை வெயிலுமுத்து தளவாயின் சோளத்துக்கு நடுவில் நின்று அந்த சிடியைப் பார்த்தார். பிடித்திருக்கிறது என்று வாயால் சொன்னார். முகத்திலும் அது தெரிந்தது என்று தளவாய் எழுதிக் கொடுத்த பிறகுதான் பலவேசம் ஒத்துக்கொண்டார்.

அதன் பிறகு லாரிக்கு வகை தேடும் கூட்டம் நடந்தது.

"இதுல என்ன யோசனை? விளையாட்டுல வையும்" என்றார் பலவேசம்.

தளவாய் தலையை ஆட்டினார். "லாரி ஓட்டுறது வேலைல்லா. என் மருமவன் அதுலதான் குடும்பம் நடத்துதான். அவன் மூஞ்சிக்கு முன்னால போயி, நீ விளையாடுதேன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"அப்போ கதையில வைப்போம். லோடு ஏத்திட்டுக் கெளம்புது. போயிச் சேருமா சேராதான்னு தெரியாதுல்லா?" என்றார் பலவேசம்.

"அப்படிப் பாத்தா ஆன்மிகம்தான்" என்றார் சேர்மக்கனி. "டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்காம எவன் வண்டிய எடுக்கான்?"

"எதுலயாவது வைங்கய்யா. நான் ஓட்டிப் பாத்துட்டு என்ன வகைன்னு சொல்லுதேன்" என்றார் வெயிலுமுத்து.

"வகை தெரியாம ஓட்ட விட முடியாது அண்ணாச்சி" என்றார் சேர்மக்கனி.

"ஓட்டாம வகை எப்படித் தெரியும்?"

"அதத்தான் நாங்க நாலு நாளாப் பேசுதோம்."

இதற்கு நடுவில் பலவேசம் சிடி உறையில் ஒரு மூன்றைக் கண்டுபிடித்தார். மூன்று வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் ஆடலாமாம். வெயிலுமுத்துவிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை.

"உமக்கு அறுபத்தெட்டுன்னு ஊருக்கே தெரியும்" என்றார் சேர்மக்கனி. "ஆனா சிடிக்காரன் கேக்கது மூணு ஆச்சான்னுல்லா."

வெயிலுமுத்து தன் மூத்த மகனைக் கூட்டி வந்து நிறுத்தினார். மகனுக்கு நாற்பது வயது. பலவேசம் ஒரு தாளில் கணக்குப் போட்டு, மகனுக்கே மூன்று தாண்டிவிட்டதால் அப்பாவுக்கும் அநேகமாகத் தாண்டியிருக்கும் என்று தீர்ப்புச் சொன்னார்.

கடைசியில் ரூபனுக்கே போன் போட்டார்கள். "மாமா, அது ஒருத்தர் மட்டும் ஆடுற ஆட்டம். போட்டு ஆடுங்க, அவ்வளவுதான்" என்று அவன் வைத்துவிட்டான்.

வகை கிடைத்துவிட்டது. 'ஒருத்தர் மட்டும்' என்று சீட்டு எழுதி ஒட்டினார்கள். அந்த வகைக்கு அலமாரி இல்லாததால் ஆசாரியைக் கூப்பிட்டுப் புதிதாக ஒன்று செய்தார்கள். ஒருத்தர் மட்டும் என்பதால் ஒரு சிடி மட்டும் நுழையும் அகலம். அதில் வைத்துவிட்டு, உடனே எடுத்து கேம் பெட்டியில் போட்டார்கள்.

லாரி வந்தது. ஷெட்டில் நின்று உறுமியது. வெயிலுமுத்து இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எல்லாரும் டிவியை நெருங்கி உட்கார்ந்தார்கள். லாரி நகரவில்லை.

"எடுங்க அண்ணாச்சி" என்றார் தளவாய்.

"எப்படி எடுக்க? கிளீனர் ரைட் கொடுக்கலையே."

"இதுல கிளீனர் கெடையாதுல்லா."

"கிளீனர் இல்லாம வண்டிய எடுக்கிற ஆளா நான்? முப்பத்தொரு வருசத்துல நான் ரைட் சொல்லாம ஒருத்தன் எடுத்திருக்கானா? சேர்மக்கனி, வாக்குக் குடுத்தது நீரு. நீரே சொல்லும்."

சேர்மக்கனி வாயைத் திறந்தார். அப்போது அவர் கண் அலமாரியில் பட்டது. வாயை மூடிக்கொண்டார்.

"நான் சொன்னா ரெண்டு பேரு ஆட்டமாயிரும் அண்ணாச்சி. சீட்டைக் கிழிக்கணும். அலமாரிய அகலமாக்கணும்."

"ஆசாரியக் கூப்பிடவா?" என்றார் தளவாய்.

"அவரும் வந்தா மூணு பேராயிரும்" என்றார் பலவேசம்.

இது நடந்து ஐந்து மாதமாகிறது. வெயிலுமுத்து தினமும் காலையில் வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். லாரி அங்கேயே நின்று உறுமுகிறது. டீசல் வீணாகிறதே என்று தளவாய் வருத்தப்படுகிறார். சேர்மக்கனி கொடுக்க வேண்டிய அந்த ஒரு 'ரைட்' இன்றைக்கு வரை பாக்கி. அது வருவதற்குள் வண்டி உருண்டுவிடக் கூடாது என்று, சாப்பிடப் போகும்போது வெயிலுமுத்து டிவி மேசையின் காலுக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்.